ஞாயிறு குழுப் பயணம்: கேட் அமைப்பைச் சரிபார்க்கவும்

நண்பர்களுக்கு வணக்கம். வரும் ஞாயிறு மாலை 6 மணிக்கு விமான சிமுலேட்டரில் பெங்களூரு–சென்னை குழுப் பயணம். அதற்குள் ஜிஎஸ்எக்ஸில் (லக்கேஜ் வண்டி, படிக்கட்டு போன்ற தரைச் சேவைகளைச் சிமுலேட்டரில் காட்டும் துணை மென்பொருள்) பெங்களூரு கேட்களை எல்லாரும் அமைத்துவிடுங்கள். இண்டிகோ பக்கத்தில் யாரோ ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் லக்கேஜ் வண்டி வந்து நின்றால் நம் ஊர் விமான நிலையமாகவே தெரியாது.

1. பழைய அமைப்புக் கோப்பை முதலில் நகல் எடுத்து வையுங்கள்.

2. கேட்களில் போட வேண்டிய விமான நிறுவனக் குறியீடு: உள்நாட்டுக்கு டெர்மினல் 1இல் இண்டிகோ (ஐஜிஓ), டெர்மினல் 2இல் ஏர் இந்தியா (ஏஐசி). டிக்கெட்டில் வரும் 6இ, ஏஐ வேண்டாம். மூன்றெழுத்துக் குறியீடுதான் வேண்டும். விமானத்தின் பெயிண்ட் கோப்பிலும் அதே குறியீடு இருக்க வேண்டும். பெரும்பாலும் சிக்கல் இங்கேதான்.

3. ஏ320 விமானத்தின் இறக்கை அகலம் (ஒரு முனையிலிருந்து மறு முனை வரை) 35.8 மீட்டர். கேட் வரம்பு 36 போதும்.

4. ஏடிஆர் 72 (சிறிய புரொபெல்லர் விமானம்) ஓட்டுபவர்களுக்கு ஏரோபிரிட்ஜ் இல்லாத ஸ்டாண்ட் (விமானம் நிறுத்தும் இடம்). பயணிகள் ஏறுவது இடப்பக்கப் பின்கதவில். முன்னால் இருப்பது சரக்குக் கதவு. படிக்கட்டு வண்டியும் தேவையில்லை, கதவிலேயே படி இருக்கிறது.

சனி இரவு 9 மணிக்குள் உங்கள் விமானம், கேட் எண் இரண்டையும் இங்கே போடுங்கள். ஒரே கேட்டை இருவர் கேட்டால் முதலில் போட்டவருக்கு. அமைப்பில் எங்காவது மாட்டிக்கொண்டால் ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள், சேர்ந்து பார்த்துவிடலாம்.