வாசலில் 150 வெள்ளி, கைபேசிக்கு வாசலே இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

சூதாடுகிறவர்கள் எல்லாம் இப்போது கிரிப்டோ என்ற இணையக் காசுக்கு மாறிவிட்டார்கள் என்று காப்பிக்கடையில் ஒருவர் அடித்துச் சொன்னார். சிங்கப்பூரின் மரினா பே சாண்ட்ஸ் சூதாட்டக் கூடத்து டாக்சி வரிசையில் பதினொரு வருடமாக இரவு நிற்கிறவன் நான். விடியற்காலை நாலு மணிக்கு அங்கே யார் வண்டி ஏறுகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

சினிமாவில் வருகிற கோட்டுப் போட்ட ஆட்கள் இல்லை. சுற்றுப்பயணிகளை விட்டால், என் வண்டியில் ஏறும் உள்ளூர்க்காரர்கள் பாதிப்பேர் என் வயதுதான். அரைக்கால் சட்டையோடு ஒரு அங்கிள், குளிருக்குச் சுவெட்டர் போட்ட ஒரு ஆன்ட்டி. சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் கூடத்துக்குள் போக 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்ட வேண்டும். 2019க்கு முன் 100. கட்டினால் 24 மணி நேரம் செல்லும். “இன்னும் ஆறு மணி நேரம் பாக்கி இருக்கிறது, குளித்துவிட்டு வருகிறேன், காத்திருப்பாயா?” என்று மலாயில் கேட்ட பயணி உண்டு. ஆளைத் தடுக்க வைத்த கட்டணம்!

இவர்கள் ஆடுவது ரொக்கத்தில். கூடத்துக்குள் ஏடிஎம் வைக்கச் சட்டம் விடுவதில்லை. காசு தீர்ந்தால் வெளியே வந்துதான் எடுக்க வேண்டும். அந்த நடையில் மனம் மாறி என் வண்டியில் ஏறியவர்களும் இருக்கிறார்கள்.

கிரிப்டோவில் ஆடியது என் அக்கா மகன். வயது 27. சூதாட்டக் கூடத்துக்குள் கால் வைத்ததில்லை, 150 வெள்ளி கொடுக்க மனசு வராது. படுக்கையில் படுத்தபடியே, ஏதோ ஒரு வெளிநாட்டுத் தளத்தில் ஆடியிருக்கிறான். சம்பளம் வந்ததும் யுஎஸ்டிடி என்ற கிரிப்டோக் காசு வாங்குவான். ஒன்று ஏறக்குறைய ஒரு அமெரிக்க வெள்ளி. அனுப்பினால் சில நிமிடத்தில் ஆட்டக் கணக்கில் ஏறிவிடும். “அது காசு மாதிரியே தெரியல மாமா, ஸ்கோர் மாதிரி இருந்துச்சு” என்றான், பதினெட்டாயிரம் வெள்ளி போன பிறகு. தளத்தை முடக்கினால் டெலிகிராமில் புது முகவரி வந்துவிடுமாம். உரிமம் இல்லாத தளத்தில் ஆடுகிறவருக்கே 10,000 வெள்ளி வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு என்பது அவனுக்குத் தெரியவே தெரியாது.

குடும்பத்தார் மனுப் போட்டு ஆளைத் தடைசெய்யலாமே என்று அக்கா கேட்டார். போடலாம். சூதாட்டக் கூடத்திலும் லாட்டரி, பந்தயம் நடத்தும் சிங்கப்பூர் பூல்ஸ் நிறுவனத்தின் இணையக் கணக்கிலும் அந்தத் தடை செல்லும். இரண்டுமே அவன் போகாத இடம்.

2022இல் இங்கிருந்த பிட்காயின் ஏடிஎம்களை, அதாவது கிரிப்டோ வாங்கும் இயந்திரங்களை, நிறுத்த வைத்தார்கள், நல்லது. அதேபோல, கிரிப்டோ விற்கும் நிறுவனங்கள் சம்பள நாளன்று மாதாமாதம் ஒரே பக்கம் பணம் போவதைப் பார்த்தால் ஒரு வார்த்தை கேட்கலாமே? அக்கா போன மாதம் தஞ்சாவூருக்கு 2,000 வெள்ளி அனுப்பப் போனபோது, யாருக்கு, எதற்கு, என்ன உறவு என்று முகப்பில் இருந்த பெண் மூன்று கேள்வி கேட்டார்.

ஒரு டாக்சி ஓட்டுநர்,
ஈசூன்