செயலாளர் ஆண்டறிக்கை

சங்க உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

மாதாந்தக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன, கணக்கைப் பொருளாளர் ஐயா வாசிப்பார், அதனால் நான் நேரே நிலாவெளி வீதி யுத்த மயானத்துக்குப் போன கதைக்கு வருகிறேன்.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டதை நாங்கள் எல்லோரும் வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள்தான். ஆனால் அந்தக் கல்லறைகளில் பெயரோடு சேர்த்துப் பொறித்திருக்கிற படைச் சின்னங்களை நின்று வாசித்தது இந்த முறைதான். றோயல் ஆட்டிலறி என்ற பிரித்தானியப் பீரங்கிப் படையின் சின்னத்தில் மேலே மணிமுடி, நடுவில் சக்கரத்தோடு ஒரு பழைய பீரங்கி, அதோடு வெடிமருந்தும் குண்டும் இடிக்கிற கோல். வாய்ப்பக்கத்தால் நிரப்புகிற காலத்துப் பீரங்கி அது, கோல் இல்லாமல் சுடவே முடியாது. கூட வந்த பொடியன் ஒருவன் சக்கரத்து ஆரைக்கால்களை எண்ணி எண்ணிக் கொப்பியில் கீறினான்.

பீரங்கிக்கு மேல் 'உபிக்வே' என்று ஒரே சொல். லத்தீனில் 'எங்கும்' என்று அர்த்தம். மற்றப் படையணிகள் தாங்கள் நின்ற போர்களின் பெயர்களைக் கொடியில் வரிசையாக எழுதும். இவர்களோ எல்லாப் போரிலும் நின்றவர்கள், எதை எழுத, எதை விட? அதனால் 1832இல் நான்காம் வில்லியம் மன்னர் அந்த ஒரு சொல்லைக் கொடுத்தார். இவர்களுக்குக் கொடியும் இல்லை, பீரங்கியே கொடி. எனக்கு உடம்பு சிலிர்த்தது அந்த இடத்தில்தான், ஏனென்றால் எங்கேயோ பிறந்த பிள்ளை உப்புவெளிப் பக்கத்து மண்ணில் கிடக்கிறான், தலைமாட்டில் 'எங்கும்' என்று எழுதியிருக்கிறது.

பீரங்கிக்குக் கீழே உள்ள 'குவோ ஃபாஸ் எட் குளோரியா டூகுன்ட்' என்ற லத்தீன் வரியை 'அறமும் புகழும் அழைக்கும் இடத்துக்கு' என்று தமிழாக்கினோம். 'அறம்' வேண்டாம், 'நீதி' போதும் என்று சிலர் சொன்னார்கள். 'ஃபாஸ்' என்பது தெய்வம் விதித்த நியாயம், ஆகவே அறம்தான் சரி என்பது என் எண்ணம். துண்டுப்பிரசுரத்தில் அச்சகம் 'உபிக்வே'யைப் பிழையாக அடித்துவிட்டது, அத்தனை பிரதியையும் கையால் திருத்தினோம்.

அப்புறம் பிரித்தானியக் கடற்படையின் சின்னமான நங்கூரம், கயிறு சுற்றிக்கொண்டு நிற்கிறது. கடற்தொழில் செய்கிற எங்கள் அண்ணன் ஒருவர் பார்த்தவுடனே, "நங்கூரத்தில் கயிறு சிக்கினால் இழுத்தெடுக்கப் படுகிற பாடு எனக்குத் தெரியும், இதையா சின்னமாக வைத்தார்கள்?" என்றார். நியாயமான கேள்வி. 1588இல் ஸ்பானியக் கடற்படையை எதிர்த்து நின்ற இங்கிலாந்துக் கடற்படைத் தலைவர் ஹோவர்ட் பிரபுவின் முத்திரையிலேயே அந்தச் சிக்கிய நங்கூரம் இருந்தது.

அடுத்த வருடம் விமானப்படைச் சின்னம். வர விரும்புகிறவர்கள் சந்தா கட்டும்போதே பெயரைத் தாருங்கள், போய்வர வான் வண்டி பேச வேண்டும்.