ஐந்து பேரையும் சேர்த்தே எடு

பாளையங்கோட்டை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குக் கால்வலி முன்னைக்குப் பரவாயில்லை. அல்வா அடுத்த வாரம் பார்சலில் வரும். அலுவலகத்தில் முழுவதையும் பங்கு வைத்துவிடாதே.

கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கால்பந்து கிளப்பின் எக்காலத்துக்கும் சிறந்த பதினொருவர் என்று நீயும் உன் கொல்கத்தா நண்பர்களும் போட்ட பட்டியலைப் பார்த்தேன். பெயர்களில் குறை சொல்ல முடியாது. ஆனால் அது அணி இல்லை, ஐயா. உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்த காலமெல்லாம் பள்ளிக்கு அணி பொறுக்கியவள் நான். யார் கெட்டிக்காரி என்று பார்ப்பதற்கு முன்னால், யார் பக்கத்தில் யார் நின்றால் பந்து ஓடும் என்று பார்ப்பேன். (கோவில்பட்டியில் பிறந்திருந்தால் கையில் ஹாக்கி மட்டையைக் கொடுத்திருப்பார்கள். எனக்கு வாய்த்தது கால்பந்து.)

1949 முதல் 1953 வரை அந்த கிளப்பின் முன்வரிசையில் நின்றவர்கள் வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. வங்காளத்து ரசிகர்கள் அவர்களைப் பஞ்சபாண்டவர் என்றார்கள். வேடிக்கை என்னவென்றால் ஐவரில் ஒருவர்கூட வங்காளி இல்லை. பெங்களூரிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் கேரளத்திலிருந்தும் போனவர்கள். 1949 ஒரே ஆண்டில் கல்கத்தா லீக், ஐ.எஃப்.ஏ. ஷீல்டு, ரோவர்ஸ் கோப்பை என்று மூன்று பட்டங்களும் வந்தன. ஷீல்டு அடுத்த இரண்டு ஆண்டுகளும் கையை விட்டுப் போகவில்லை.

நீங்களோ அகமது கானை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற நால்வரையும் விட்டுவிட்டீர்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடிய இந்திய அணியில் அவரும் ஒருவர். பந்தைக் காலோடு ஒட்டிக்கொண்டு போவார் என்பார்கள். சரி, போய்விட்டு யாரிடம் கொடுப்பார்? இடப்புறம் சாலேயும் நடுவில் தன்ராஜும் இருந்ததால்தானே அந்த ஆட்டத்துக்கு அர்த்தம்!

பின்னால் நால்வர், நடுவில் மூவர், முன்னால் மூவர் என்ற இன்றைய 4-3-3 அமைப்பில் ஐந்து ஃபார்வர்டுகளுக்கு இடமில்லை என்பாய். அப்படியானால் அமைப்பை மாற்று. அவர்கள் ஆடிய காலத்து வழக்கப்படி பின்னால் தடுக்க இரண்டு பேக், நடுவில் மூன்று ஹாஃப், முன்னால் ஐந்து ஃபார்வர்டு. பேக்குகள் சுதீர் கர்மாகரும் மனோரஞ்சன் பட்டாச்சார்யாவும். ஹாஃப் வரிசைக்கு ராம் பகதூர், கௌதம் சர்க்கார். மூன்றாமவரை நீ சொல். ஆனால் ஓடக்கூடிய ஆளாக இருக்கட்டும். ஐந்து பேரும் முன்னே போய்விட்டால் பின்னால் வேலை அதிகம்.

இதனால் ஃபார்வர்டு பாய்சுங் பூட்டியா வெளியே உட்கார வேண்டும். எனக்கே மனம் ஒப்பவில்லை. 1997 ஜூலை 13 அன்று ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில், சால்ட் லேக் மைதானத்தில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் பார்த்திருக்க, பரம வைரியான மோகன் பகானுக்கு எதிராக மூன்று கோல் போட்டவர். 4-1 என்று ஜெயித்தார்கள். இன்னொரு ஃபார்வர்டு துளசிதாஸ் பலராமும் அவர் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். அந்தப் பெஞ்சைப் பார்த்தே எதிரணிக்காரன் பயப்படுவான்!

கோல்கீப்பர் விஷயத்தில்தான் எனக்குத் தூக்கம் கெட்டது. உன் தாத்தா வெலிங்டனில் ராணுவத்தில் இருந்தவர். அங்குள்ள மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணி 1955, 1958 ஆண்டுகளில் டியூராண்ட் கால்பந்துக் கோப்பை வாங்கியதையும், அதில் ஆடிய பீட்டர் தங்கராஜையும் பற்றிப் பேசாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியின் கோல்கீப்பரும் தங்கராஜ்தான். ஆனால் அந்தப் பெருமையெல்லாம் அவர் ஈஸ்ட் பெங்காலுக்கு வருவதற்கு முந்தியது. கிளப்பின் அணி என்றால் கிளப்புக்குச் செய்ததைத்தான் எடைபோட வேண்டும்.

ஆகவே பாஸ்கர் கங்குலி. 1975 ஷீல்டு இறுதியாட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 5-0 என்று நொறுக்கியதே, அன்று மோகன் பகான் கோலில் நின்ற பையன் அவர்தான். நான்கு கோல் விழுந்ததும் ஆளை மாற்றிவிட்டார்கள். பிறகு அதே ஈஸ்ட் பெங்காலுக்கு வந்து கோலைக் காத்து, 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்கே கேப்டனானார். தாத்தா இருந்திருந்தால் என்னோடு இரண்டு நாள் பேசியிருக்க மாட்டார்.

பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி. ஆட்டக்காரராக ஈஸ்ட் பெங்கால் சட்டையை அவர் ஒருநாளும் போட்டதில்லை என்று உன் நண்பர்கள் இழுப்பார்கள். அந்த 5-0 நாளில் அணியை நடத்தியவர் யார் என்று கேள்.

மூன்றாவது ஹாஃப் யாரென்று ஞாயிற்றுக்கிழமை போன் செய்து சொல். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா