மூலிகைத் தோட்டம் தொடர்பாகப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் பருவம் நிறைவடையும் இவ்வேளையில், விளையாட்டுப் போட்டிகளிலும் கலைத் திருவிழாவிலும் நம் மாணவர்கள் பரிசுகள் பெற்றுப் பள்ளிக்குப் பெருமை சேர்த்திருப்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

அடுத்து நான் எழுதுவது, குடிநீர்த் தொட்டிக்கு அருகில் ஏழாம் வகுப்பு மாணவர்கள் வளர்த்துவரும் கற்பூரவல்லிப் பாத்தியைப் பற்றியது. ஓமவல்லி என்றும் நாம் அழைக்கும் இச்செடியை ஆடி மாதத்தில் ஒரு சாண் குச்சிகளாக நட்டார்கள். தண்ணீர் மிகுந்து முதலில் சில குச்சிகள் அழுகிப்போனபின், மணல் கலந்து மேட்டுப்பாத்தி அமைத்து மீண்டும் நட்டு, 22 செடிகளைத் தழைக்க வைத்தார்கள்.

மழைக்காலம் தொடங்கியது முதல், மாலையில் பிள்ளைகளை அழைத்துச் செல்ல வரும் சிலர் சளி, இருமலுக்கென இலைகளைப் பறித்துச் செல்வதை அறிவோம். வீட்டில் குழந்தை இருமும்போது கை அதன்பால் நீள்வது இயல்பே என்பதால் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. ஆனால் கடந்த வியாழனன்று ஒன்பது செடிகள் வேரோடு பிடுங்கப்பட்டிருந்தன. நாள்தோறும் இலைகளை எண்ணிக் குறித்துவரும் மாணவி ஒருவரின் குறிப்பேட்டில், ‘செடி 7: புதன், 31 இலைகள், வியாழன், செடி இல்லை’ என்று எழுதியிருந்ததைப் படித்தபோது என்னால் அமைதியாக இருக்க இயலவில்லை.

அனுமதியின்றிப் பாத்தியில் கை வைப்பவர்கள், அவர்கள் யாராயினும், இனி வாயிலுக்கு வெளியிலேயே காத்திருக்க வேண்டியிருக்கும்.

இச்செடியை வேரோடு எடுக்க வேண்டிய தேவையே இல்லை. கணுவுக்குக் கீழே ஒடித்த ஒரு குச்சியை, அடியிலைகளை நீக்கி ஈரமண்ணில் ஊன்றி நிழலில் வைத்தால், இரண்டு மூன்று வாரங்களில் வேர் பிடித்துவிடும். நுனியை அவ்வப்போது கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் விட்டுப் புதராகும். பஜ்ஜிக்கும் ரசத்துக்கும் துவையலுக்கும் வீட்டுத் தொட்டியே போதும். ஆகவே, வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் கேட்கும் பெற்றோருக்கு மாணவர்களே குச்சிகளை ஒடித்துத் தருவார்கள். உடன் ஒரு வேண்டுகோள்: இலையை வாட்டிப் பிழிந்த சாற்றில் தேன் கலந்து கொடுக்கும் வழக்கம் உள்ளவர்கள், ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனைக் கொடுக்க வேண்டாம். காய்ச்சலோ மூச்சுத் திணறலோ இருந்தால் சாற்றை நம்பிக் காத்திராமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பாத்திக்கு வேலி கட்ட மூங்கில் தந்து உதவிய பெற்றோருக்கும், விடுமுறை நாட்களில் தண்ணீர் ஊற்றிவரும் தூய்மைப் பணியாளர் அம்மாவுக்கும் என் மனமார்ந்த நன்றி. வரும் திங்களன்று காலியிடங்களில் மாணவர்கள் மீண்டும் குச்சி நடுகிறார்கள். அன்று மாலை சற்று முன்னதாக வந்து, உங்கள் பிள்ளைகளுடன் நின்று பாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்