பேரம் வேண்டாம், மகளே

தாராவி, மும்பை

அன்பு மகளுக்கு,

நேற்று ஃபோனில் நீ கொட்டித் தீர்த்ததை எல்லாம் கேட்டுக்கொண்டேன். மூத்தவன் ஸ்கூல் விட்டு வந்தால் கட்டிலை விட்டு எழுவதில்லை. ஆறாம் வகுப்புவரை தெருவெல்லாம் ஓடிய சின்னவள், இப்போது பி.டி. பீரியடில் தலைவலி என்று ஓரமாக உட்கார்ந்துவிடுகிறாள். மாப்பிள்ளை இருவர் கையிலும் வாட்ச் கட்டி, தினம் பத்தாயிரம் காலடி நடந்தால் புது ஃபோன் என்று சொல்லியிருக்கிறார். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பி.டி. டீச்சராகவே காலம் தள்ளியவள் நான். இதைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உன் பிள்ளைகளைச் சோம்பேறி என்று சொல்லாதே. வளரும் பிள்ளைகள் நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 146 நாடுகளின் தகவல்களைத் திரட்டிப் பார்த்ததில், 2016ஆம் ஆண்டு நிலவரப்படி 11 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் ஐந்தில் நான்கு பேர் அந்த அளவை எட்டவில்லை. பையன்களில் 78 சதவீதம், பெண்களில் 85. அந்த இடைவெளி எப்படி வருகிறது என்பதைத்தான் நான் மைதானத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

வயசுக்கு வந்த பெண்ணுக்கு ஓட ஆசை போய்விடுவதில்லை. ஓடும்போது யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. உடம்பு மாறுகிறது, யூனிஃபார்ம் இறுக்கிப் பிடிக்கிறது, மாதவிலக்கு நாளில் கறை பட்டுவிடுமோ என்று பயம். வாய்விட்டுச் சொல்ல முடியாததால் தலைவலி என்கிறாள். அவளுக்கு நல்ல ஸ்போர்ட்ஸ் பிராவும் தளர்வான கறுப்பு டிராக் பேண்டும் வாங்கிக் கொடு. அந்த நாட்களில் முடிந்தால் விளையாடலாம், முடியாவிட்டால் உட்காரலாம், அதை அவளே முடிவு செய்யட்டும். கூட ஒரு தோழி இருந்தால் பாதி கூச்சம் போய்விடும். எங்கள் பள்ளியில் கபடிக்கு வர மறுத்த பெண்கள் பலர், பக்கத்துப் பெஞ்சுக்காரி வருகிறாள் என்றதும் வந்தார்கள். எலும்பு கெட்டிப்படுகிற வயது இது. இப்போது குதித்து ஓடினால் கிழவியானாலும் பலன் இருக்கும். அதை அவளிடம் உபதேசமாகச் சொல்லாதே, பதின்மூன்று வயதில் யாரும் முதுமைக்காக ஓடுவதில்லை.

பையன் கதை வேறு. அவர்களில் பலருக்கு ஜெயிக்க வேண்டும், தோள் அகல வேண்டும், நண்பர்கள் மெச்ச வேண்டும். டீமில் எடுக்காத பையன் அழமாட்டான், மெல்ல மைதானத்துப் பக்கம் வருவதை விட்டுவிடுவான். மூத்தவனைக் கிரிக்கெட் டீமில் எடுக்கவில்லை என்று போன வருஷம் நீ சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அவனுக்கு வேண்டியது, நேற்று முடியாதது இன்று முடிந்தது என்று அவனே பார்க்கக்கூடிய ஒரு ஆட்டம். நீச்சலோ பேட்மிண்டனோ, எதுவானாலும் சரி.

இனி அந்த ஃபோன் பேரம். எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர் 1971இல் ஒரு சோதனையை வெளியிட்டார். கல்லூரி மாணவர்களிடம் புதிர்க் கட்டைகளைக் கொடுத்தார். ஒரு கூட்டத்துக்கு மட்டும், புதிரை முடித்தால் காசு. பிறகு காசை நிறுத்தியதும், அந்தக் கூட்டத்துக்கு ஓய்வு நேரத்தில் கட்டையைத் தொடும் ஆர்வம் குறைந்துபோனது. ஃபோன் கைக்கு வந்த மறுநாள் நடை நின்றுவிடும் என்று மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல். பின்னாளில் டெசியும் ரிச்சர்ட் ரயனும் சேர்ந்து சொன்னது எனக்குப் பிடித்தது: தானே தேர்ந்தெடுத்தது, தன்னால் முடிகிறது, தனக்கென்று ஆட்கள் இருக்கிறார்கள், இந்த மூன்றும் கிடைத்தால் ஆள் தானாக வருவான். அந்த வாட்ச்சால் இதில் ஒன்றையும் தர முடியாது.

மே லீவுக்கு இருவரையும் இங்கே அனுப்பு. சிவாஜி பார்க்கில் பையன்கள் மல்லர் கம்பம் என்ற மரத்தூணில் ஏறி வித்தை செய்வதையும், பெண்கள் கயிற்றில் தலைகீழாகத் தொங்கி வித்தை காட்டுவதையும் கூட்டிப்போய்க் காட்டுகிறேன். பிடித்திருந்தால் நம் விழுப்புரத்திலேயே அதைச் சொல்லித்தருகிறார்கள். பிடிக்காவிட்டால் கடற்கரைக்குப் போய் அலையில் ஆடட்டும், அதுவும் ஒரு மணி நேரம்தான். என்ன வேண்டும் என்று அவர்களையே கேட்டுவிட்டு டிக்கெட் போடு. தாதர் எக்ஸ்பிரஸில் சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அன்புடன்,
அம்மா