இந்த வருஷ செயலாளர் அறிக்கை – பாஸ்ட்ராப் போயிட்டு வந்த கதையோட

எல்லாருக்கும் வணக்கம். மாசக் கூட்டம், பொங்கல் செலவு, சந்தா பாக்கி எல்லாம் பொருளாளர் அறிக்கையில வந்துடுது, அதனால நான் டெக்சாஸ்ல இருக்கற பாஸ்ட்ராப் ஸ்டேட் பார்க் கேம்பிங் பத்தி மட்டும் எழுதறேன். இந்த வருஷம் நம்ம சங்கம் பண்ணதுலயே உருப்படியான விஷயம் அதுதான்னு எனக்குத் தோணுது.

ஆஸ்டின்ல இருந்து கிழக்கால 30 மைல் சொச்சம்தான். மார்ச்ல ரெண்டு ராத்திரி டென்ட் போட்டோம். ஒரு சைட்டுக்கு 8 பேருக்கு மேல கூடாதுங்கறதால பக்கத்துப் பக்கத்துல மூணு சைட் எடுத்தோம். காட்டுல விறகு பொறுக்கக்கூடாது, காசு குடுத்துத்தான் வாங்கணும், அது தெரியாம சில பசங்க சுள்ளி பொறுக்கிட்டாங்க, சொன்னதும் எடுத்த இடத்துலயே போட்டுட்டாங்க. முதல் ராத்திரி 10 மணிக்கு மேலயும் நம்ம பக்கம் பாட்டு ஓடிட்டிருந்துச்சு, அது நம்ம தப்பு, பக்கத்து டென்ட்காரங்ககிட்ட காலையில போய் சாரி சொல்லிட்டு வந்தோம்.

சரி, பார்க்குக்குள்ள இருக்கற பழைய கல் கேபினுங்களுக்கு வரேன். 1930கள்ல வேலையே கிடைக்காம ஜனங்க அல்லாடின காலத்துல அப்ப அமெரிக்க அதிபரா இருந்த ரூஸ்வெல்ட் ஆரம்பிச்ச சிசிசி (வேலையில்லாத பசங்களுக்கு காடு, பார்க் வேலை குடுத்த அரசாங்கத் திட்டம்) திட்டத்துல சேர்ந்த பசங்க கட்டினது. மாசச் சம்பளம் 30 டாலர், அதுல 25 டாலர் நேரா வீட்டுக்குப் போயிடும். ஊருக்குப் பணம் அனுப்பிட்டு மிச்சத்துல காலம் தள்ளினவங்க நம்மள்ல எத்தனை பேரு, அதனால இதைக் கேட்டதும் பெரியவங்க சிலபேர் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. மணற்கல்லுல சுவர் கட்டினது மட்டுமில்ல, உள்ள போடற மேசை நாற்காலி கூட அங்கயே பட்டறை போட்டு செஞ்சிருக்காங்க. 1997ல இந்தப் பார்க் நேஷனல் ஹிஸ்டாரிக் லேண்ட்மார்க், அதாவது தேசிய வரலாற்றுச் சின்னம் ஆச்சு.

2011 செப்டம்பர்ல வந்த காட்டுத்தீயில பார்க்குல 96 சதவீதம் எரிஞ்சுடுச்சு, சுத்துவட்டாரத்துல 1600க்கு மேல வீடு போச்சு. அந்தக் கேபினுங்களை மட்டும் தீயணைப்புக்காரங்க விடாம நின்னு காப்பாத்திட்டாங்க. 2015 மே மாச மழையில அணை உடைஞ்சு பார்க்குல இருந்த ஏரியும் போயிடுச்சு. இப்ப போனா கருகின அடிமரம் நடுவுல சின்னச் சின்ன பைன் கன்னுங்க நிக்குது. கிழக்கு டெக்சாஸ் பைன் காட்டுல இருந்து 100 மைல் தள்ளி தனியா நிக்கற கூட்டம் இது, அதான் லாஸ்ட் பைன்ஸ் (தொலைஞ்சு போன பைன் மரங்க)னு பேரு. அழியற நிலையில இருக்கற ஹூஸ்டன் தேரைக்கும் இந்த மணல் காடுதான் வீடு. அது கத்தறத கேக்கணும்னு பசங்க ராத்திரி ரொம்ப நேரம் முழிச்சிருந்தாங்க, கேக்கல, எனக்கே கஷ்டமா இருந்துச்சு.

அடுத்த வருஷம் டென்டோட ரெண்டு கேபினும் எடுக்கணும்னு கேட்டுக்கறேன், முட்டி வலி இருக்கற அம்மா அப்பாக்களும் அப்பதான் வரமுடியும். கேபின் சீக்கிரம் தீர்ந்துடும், அதனால வரப்போறவங்க அடுத்த கூட்டத்துக்குள்ள என்கிட்ட பேர் குடுத்துடுங்க, ஸ்பீக்கர் மட்டும் வீட்டுலயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
செயலாளர்