குளோப்ப வெறும் ஷோபீஸ்னு போட்டுட்டீங்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வீட்டு அலங்காரப் பக்கத்துல மரக்கால் வச்ச பழைய ஸ்டைல் குளோப் படம் போட்டு, ஹால் மூலைல வச்சா கிராண்டா இருக்கும்னு ரெண்டே வரி எழுதியிருந்தீங்க. 26 வருஷம் ஸ்கூல்ல ஜியாகரபி எடுத்தவ நான், மனசு கேக்கல. அத செய்றவங்களப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லையே சார்.

லண்டன்ல பீட்டர் பெல்லர்பின்னு ஒருத்தர், அப்பாவோட 80வது பிறந்தநாளுக்கு நல்ல குளோப் ஒண்ணு வாங்கித் தரணும்னு தேடித்தேடிப் பாத்து எதுவும் பிடிக்காம, சரி நாமளே செஞ்சுடுவோம்னு 2008ல இறங்கினவர். சில மாச வேலைன்னு நெனச்சது வருஷக்கணக்கா இழுத்துடுச்சு, கடைசில அதுவே அவருக்குத் தொழிலாயிடுச்சு.

ஏன் அவ்ளோ நாள்னா, மேப்ப தட்டையான பேப்பர்ல அடிச்சு, ரெண்டு முனையும் கூரா இருக்கிற பட்டை பட்டையா வெட்டி, ஈரமாக்கி உருண்டைமேல ஒட்டணும். ஈரம் பட்டா பேப்பர் நீளும், ஈரம் பத்தலன்னா வளையாது, கொஞ்சம் இழுத்தா கிழிஞ்சுடும். உருண்டையோட விட்டம் 1 மில்லிமீட்டர் கூடிப்போனா சுத்தளவு 3 மில்லிமீட்டருக்கு மேல கூடிடும், அந்த இடைவெளி கடைசிப் பட்டைல வந்து நிக்கும்.

நானே பிள்ளைங்கள வச்சு ஒரு தடவை செஞ்சு பாத்தேன். வாலிபால் சைஸ் பந்து, மைதா பசை, 12 பட்டை. 11 வரைக்கும் அழகா உக்காந்துச்சு. பேப்பர் நீண்டிருந்ததால 12வது ஒரு விரல் அகலத்துக்கு முதல் பட்டைமேல ஏறிடுச்சு, ஆப்பிரிக்கால இருக்கிற டோகோ, பெனின் ரெண்டு நாடும் அடியில போயிடுச்சு. டீச்சர் டோகோ எங்கன்னு ஒரு பொண்ணு கேட்டா, பிச்சு மறுபடி ஒட்டினோம்.

1507லயே வால்ட்ஸீமுல்லர்னு ஜெர்மன் மேப் வரையறவர் ஒருத்தர் இதே மாதிரி 12 பட்டையா அச்சடிச்சிருக்கார், அமெரிக்காங்கிற பேரு அதுல இருக்கு. அதுக்கு 15 வருஷம் முன்னாடி, 1492ல, ஜெர்மனில நியூரம்பர்க்ல மார்ட்டின் பெஹைம் செய்ய வச்ச குளோப்ல அமெரிக்காவே கிடையாது, ஏன்னா கொலம்பஸ் அப்போ இன்னும் திரும்பி வரல, ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவுல தீவும் கடலும்தான். இன்னைக்கும் அந்த ஊர் மியூசியத்துல பத்திரமா வச்சிருக்காங்க. வெனிஸ்காரர் கொரொனெல்லி பிரான்ஸோட பதினாலாம் லூயி மன்னருக்காகச் செஞ்ச ரெண்டு குளோப்பும் ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட 4 மீட்டர் விட்டம், பாரிஸ் தேசிய நூலகத்துல இருக்கு.

அதனால அடுத்த தடவை படம் போட்டா யார் செஞ்சது, கையில ஒட்டினதா மெஷின்ல அடிச்சதான்னு ஒரு வரி சேருங்க. வாங்குறவங்களும் பாக்கலாம், கையில ஒட்டினதுன்னா இணைப்பு துருவத்துல இருந்து துருவத்துக்கு ஓடும், மெஷின்ல ரெண்டு பாதியா அழுத்தி எடுத்ததுன்னா பெரும்பாலும் பூமத்திய ரேகைல ஒரே வளையமா தெரியும். நீங்க போட்ட படத்துல அந்த இடத்த பூச்சாடி மறைச்சிருக்கு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை, திருச்சி